கரும்புக்குள்ள ஒரு நாணல்

திருச்சி–சென்னை ரூட்ல போனவங்களுக்கு சிறுவாச்சூர் தெரிஞ்சிருக்கும், மதுரகாளியம்மன் கோயில் ஊர். அதே பெரம்பலூர் மாவட்டத்துல எறையூர்ல ஒரு அரசு சர்க்கரை ஆலை இருக்கு. அங்க லோடு லோடா போற கரும்புக்குள்ள ஒரு காட்டுப்புல் ஒளிஞ்சிருக்கு. ஆத்தங்கரையில வெள்ளையா பூத்து நிக்குமே, நாணல். அதுதான்.

கதை கோயம்புத்தூர்ல தொடங்குது. அப்போ இந்தியாவுக்கு ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலா சர்க்கரை வந்துட்டிருந்தது. நம்ம தெற்குக் கரும்பு தடியா, சாறா இருக்கும். ஆனா வடக்குல அடிக்கிற குளிரும் வறட்சியும் அதுக்கு ஆகாது. அங்க விளைஞ்சது குச்சி மாதிரி ஒல்லிக் கரும்பு. 1912-ல கோயம்புத்தூர்ல கரும்பு இனப்பெருக்க நிலையம் ஆரம்பிச்சாங்க. ஏன் இங்க? இந்த ஊர்ல கரும்பு நல்லா பூக்கும், விதை பிடிக்கும். பார்பர், டி.எஸ். வெங்கட்ராமன் ரெண்டு பேரும் ‘வெள்ளை’ங்கிற இனிப்பு ரகத்தை உள்ளூர் நாணலோட சேர்த்தாங்க. பிறந்தது கோ 205. 1918-ல வயலுக்கு வந்து பஞ்சாப்ல நல்லா எடுபட்டது.

நம்ம பாஷையில சொன்னா, இது மொத்த பிராஞ்சையும் மெர்ஜ் பண்ற வேலை. வறட்சி தாங்குற குணம் வரும், மறுதாம்பு நல்லா துளிர்க்கும். கூடவே நாரும் வரும், சர்க்கரை குறையும். அதனால பிறந்த பிள்ளையைத் திரும்பத் திரும்ப இனிப்புக் கரும்போட சேர்க்கணும். பட்டினத்தாருக்குப் பேய்க்கரும்பு இனிச்சது சிவன் அருள்; இங்க பல தலைமுறை உழைப்பு. இன்னைக்கு வயல்ல நிக்கிற கரும்போட மரபணுவுல கிட்டத்தட்ட 10 முதல் 20 சதவீதம் அந்த நாணலோடது.

சரி, நூறு வருஷக் கதையை இப்ப ஏன் பேசுறோம்? கரும்பை விதை போட்டு யாரும் வளர்க்கறதில்ல, கரணை வெட்டித்தான் நடுவாங்க. ஒரு ரகம்னா ஊர் முழுக்க அதே செடியோட காப்பி. உத்தரப்பிரதேசத்துல கோ 0238-னு ஒரு ரகம், 2009-ல வெளியானது, கரும்பு நிலத்துல பெரும்பகுதியைப் பிடிச்சது. விவசாயிகளுக்கு நல்ல வருமானம், ஆலைக்கு நல்ல சர்க்கரை. அதைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல. ஆனா செவ்வழுகல் நோய் அந்த ரகத்துக்குள்ள புகுந்ததும் வயல் வயலா காஞ்சது. தண்டைப் பிளந்து பாத்தா உள்ள சிவப்பா, புளிச்ச வாடையோட இருக்கும். மருந்து அடிச்சு அதைக் காப்பாத்துறது ரொம்பக் கஷ்டம். ரகத்தைத்தான் மாத்தணும். நம்ம பக்கமும் ரொம்ப வருஷமா கோ 86032 ஆட்சிதான்.

இதுல இன்னொரு சிக்கல். இன்னைக்கு இருக்கிற ரகங்கள்ல நிறைய, அந்தக் காலத்துல சேர்த்த விரல் விட்டு எண்ணக்கூடிய மூதாதைகளோட வாரிசுகள். புது எதிர்ப்புச் சக்தி வேணும்னா மறுபடி காட்டுச் சொந்தங்கள்கிட்டதான் போகணும். கோயம்புத்தூர்ல நாணலோட, எரியாந்தஸ்ங்கிற இன்னொரு காட்டுப்புல்லையும் கரும்போட சேர்த்துப் பாக்கறாங்க. ஒரு கலப்பு வயலுக்கு வர பத்து வருஷத்துக்கு மேலயும் ஆகலாம், அதனால நோய் வந்தப்புறம் தேடினா லேட்.

அந்தச் சொந்தங்களுக்கு ஒரு பேக்கப்பும் இருக்கு. கேரளாவுல கண்ணூர்ல இதே நிலையத்தோட மையம் உலகத்துலேயே பெரிய கரும்புச் சேகரிப்புகள்ல ஒண்ணை வச்சிருக்கு. ஃப்ரீஸர்ல விதையா இல்ல. வயல்ல உயிரோட நிக்குது, திரும்பத் திரும்பக் கரணை வெட்டி நட்டுட்டே இருக்காங்க.