ஓய்வூதியமும் உப்புக் காற்றும்



ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் ஓய்வுக்கால வாழ்க்கையைப் பற்றிப் பேச வருகிறான் என்றால், "இது நமக்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் கழித்தல்லவா தேவைப்படும்?" என்று நீங்கள் எண்ணக்கூடும். நெய்வேலி நகரியத்தில் வளர்ந்த பிள்ளைகள் அப்படி எண்ணமாட்டார்கள். தந்தையார் பணி ஓய்வு பெற்றால் குடியிருக்கும் வீட்டையும் விட்டுப் புறப்பட வேண்டும் என்பது அவர்கள் சிறு வயதிலேயே அறிந்த செய்தி. வீடு நிறுவனத்தினுடையது. வாசலில் நட்ட மாமரம் நம் கையால் வளர்ந்தது. ஆனால் அது நிற்கும் மண் நம்முடையதன்று.

நெய்வேலி நிறுவனம் 1956ஆம் ஆண்டில் தோன்றியது. 1957 மே மாதம் பண்டித நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962இல் அனல் மின்நிலையத்தின் முதற் பிரிவு இயங்கத் தொடங்கியது. பல மாவட்டங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் இங்கே ஒன்றுகூடினார்கள். நானும் ஆசிரியப் பயிற்சி முடித்த இளைஞனாக, ஒரு தகரப் பெட்டியோடு வந்து இறங்கியவன்தான். அகன்ற வீதிகள், நிழல் தரும் மரங்கள், தவறாது வரும் தண்ணீர், நடந்து போகும் தொலைவில் பள்ளிக்கூடம் எல்லாம் குறைந்த செலவில் எங்களுக்குக் கிடைத்தன. அவற்றின் உண்மையான விலை என்ன என்று முப்பது ஆண்டுகளாக நாங்கள் கணக்குப் பார்த்ததே இல்லை. கணக்கு வாத்தியாராக இருந்த நானும் பார்க்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஓய்வு நெருங்கும்போது நெய்வேலிக்காரர் பலருக்கும் கடலின்மேல் ஓர் ஆசை பிறக்கிறது. வெட்டிய மண்ணும் கரித்தூளும் பார்த்துச் சலித்த கண்களுக்கு நீல நிறம் இனிமையாகத் தோன்றுவது இயல்பே. கடலூரும் புதுச்சேரியும் பேருந்தில் ஏறினால் போய்ச் சேரும் தொலைவுதான். இந்த ஆசை நமக்கு மட்டும் உரியதும் அன்று. ஆங்கிலேயர் தம் நாட்டில் ஈஸ்ட்போர்ன், போர்ன்மத் போன்ற கடலோர ஊர்களை முதியோர் நாடும் இடங்களாக ஆக்கிக்கொண்டனர். அவர்களில் வசதியுள்ள சிலர் இன்று போர்ச்சுகல் நாட்டின் தென்கரைக்குச் சென்று, கோல்ஃப் மைதானத்தை ஒட்டி வீடு வாங்குகிறார்கள். அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்துப் பாலைநிலத்தில் 1960 ஜனவரி முதல் நாளன்று சன் சிட்டி என்ற முதியோர் நகரமே கோல்ஃப் மைதானத்தோடு திறக்கப்பட்டது. நம் கடலூருக்கும் பந்துக்கும் வேறொரு வகையில் தொடர்பு உண்டு. 1690இல் ஆங்கிலக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுட்ட பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை உள்ள ஊர்கள் அவர்களுக்கு என்று ஏற்பாடாயிற்று. குண்டு உப்பலவாடி என்ற பெயர் அதனால் வந்தது என்பர். பந்து விழுந்த இடமெல்லாம் தமக்கே என்று கொள்ளும் ஆட்டம் அவர்களுக்குப் பழைய பழக்கம்போலும்!

நம்மவர் கதைக்கு வருவோம். எங்கள் வட்டத்தில் அடுத்த வீட்டுக்காரர் சுரங்கத்தில் பக்கெட் வீல் எந்திரத்தை இயக்கியவர். ஓய்வு பெற ஆறு மாதம் இருந்தபோது, கடலூரில் கடற்கரையை ஒட்டி ஒரு மனையை விலை பேசி வந்தார். பணிக்கொடையாக வரும் தொகை முழுவதும் அந்த மனைக்கும் வீட்டுக்குமே சரியாகிவிடும். "மீதி வாழ்க்கைக்குப் பென்ஷன் இருக்கிறதே, ஐயா" என்றார். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். அப்போது கல்லூரியில் வேதியியல் பயின்றுகொண்டிருந்தாள். அன்று மாலை அவள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, "ஐயா, அப்பாவின் பென்ஷனைக் கணக்கிட்டுத் தாருங்கள்" என்று கேட்டாள்.

கணக்கு எளியது. 1995ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் பொதுவாக 15,000 ரூபாய்தான் சம்பள உச்சவரம்பு. அதை 35 ஆண்டு ஊழியத்தால் பெருக்கி 70ஆல் வகுத்தால் 7,500 ரூபாய். எழுபதாயிரம், எண்பதாயிரம் என்று சம்பளம் வாங்கியவருக்கும் அந்தத் திட்டத்தின் கணக்கு இதுவே. வேறு சேமிப்பு இல்லாதவர் இதைக் கொண்டுதான் குடும்பம் நடத்த வேண்டும். விலைவாசியோ நிற்பதில்லை. 72 என்ற எண்ணை ஆண்டு விலையேற்ற விகிதத்தால் வகுத்தால் விலை இரட்டிப்பாகும் ஆண்டுகள் ஏறத்தாழக் கிடைக்கும். ஆறு சதவீதம் என்றால் பன்னிரண்டு ஆண்டுகள். அறுபது வயதில் நூறு ரூபாய்க்கு வாங்கிய காய்கறியை எழுபத்திரண்டாம் வயதில் இருநூறு கொடுத்து வாங்க வேண்டும். எண்பத்து நான்கில் நானூறு. அந்தப் பெண் இதை எழுதி முடித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தாள். அவளுக்கு மேற்படிப்புப் படிக்கும் விருப்பம் இருந்தது. மனைக்குக் கொடுக்கவிருந்த பணத்தில் அந்தப் படிப்பும் அடங்கியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் அந்த மனையைக் காணச் சென்றோம். இடம் அழகாகத்தான் இருந்தது. சவுக்குத் தோப்பு, அதற்கு அப்பால் அலையோசை, மாலைக் காற்று. எனக்கே ஒரு மனை வாங்கலாமா என்று தோன்றிற்று, பொய் சொல்லமாட்டேன். தரகர் காற்றின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்கையில், அந்தப் பெண் பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஒரு புட்டி நீர் எடுத்துக்கொண்டாள். பிறகு தேநீர்க் கடையில் இருந்த மூதாட்டியிடம், "பாட்டி, தண்ணீர் எதுவரைக்கும் வந்தது?" என்று கேட்டாள். எந்த ஆண்டு என்று அவள் குறிப்பிடவில்லை. பாட்டி தாமாகவே மூன்று கதைகள் சொன்னார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல். 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளம். ஒன்றுக்கு இடுப்பளவு கைகாட்டினார். ஒன்றுக்குக் கூரையைக் காட்டினார். கெடிலமும் தென்பெண்ணையும் கடலில் கலக்கும் ஊர் அது. கடல் முன்னால் வரும். ஆறு பின்னால் வரும்.

கல்லூரி ஆய்வகத்தில் அந்தக் கிணற்று நீரை அவள் வெள்ளி நைட்ரேட்டைக் கொண்டு தரம்பார்த்தாள். பொட்டாசியம் குரோமேட் சேர்த்த மஞ்சள் நீர் செங்கல் சிவப்பாக மாறும்வரை சொட்டுச் சொட்டாக விடும் அந்தச் சோதனை உங்களில் பலர் செய்ததுதான். குடிநீரில் குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராமுக்குள் இருப்பது நலம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த நீர் ஆயிரத்தையும் தாண்டியிருந்தது. நெய்வேலியில் சுரங்கத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்று நீரை இறைக்காமல் பழுப்பு நிலக்கரியை வெட்ட இயலாது. நன்னீர் மிகுதியாகப் பொங்கும் ஊரில் வாழ்ந்த எங்களுக்கு, குடிநீரை விலைக்கு வாங்கும் செலவு கணக்கில் தோன்றவே இல்லை. உப்புக் காற்று கட்டடக் கம்பியை அரிக்கும் செலவும் அப்படித்தான். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை விதிகள் உண்டு என்பதையும் தரகர் சொல்லவில்லை. அந்த விதிகள் 1991 முதல் இருக்கின்றன.

தந்தையார் முதலில் சினந்தார். "நாற்பது வருடம் குழிக்குள் வேலை பார்த்தேன், கடைசிக் காலத்தில் கடலைப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு மகள் சொன்ன மறுமொழியை நான் மறக்கவில்லை: "பாருங்கள் அப்பா, தினமும் பாருங்கள். பார்ப்பதற்கு மனை எதற்கு?"

அவர் முன்பணத்தோடு விலகிக்கொண்டார். பணிக்கொடையில் பெரும் பங்கை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் இட்டார். அதன் வரம்பு 2023இல் 15 இலட்சத்திலிருந்து 30 இலட்சமாக உயர்ந்திருந்தது. ஒரு பகுதி மகளின் படிப்புக்குப் போயிற்று. கடலூரில் கரையிலிருந்து உள்ளே தள்ளி, மேட்டுப் பாங்கான தெருவில் வாடகைக்கு வீடு பிடித்தார். நானும் என் மனைவியும் அதே தெருவில் இருக்கிறோம். ஓராண்டு பார்த்துவிட்டு முடிவு செய்வது என்று வந்தோம். முதல் மழைக்காலத்தில் தெருவில் நீர் எங்கே தேங்குகிறது என்று குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். மருத்துவமனை எவ்வளவு தொலைவு என்பதை என் மனைவி பகலில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் ஆட்டோவில் போய் அறிந்துகொண்டாள். பழகிய மருத்துவர்கள் நெய்வேலியில் இருக்கிறார்கள்; நெஞ்சுவலி கடலூரில் அல்லவா வரும்?

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்று என் மனத்தை உறுத்துகிறது. நெய்வேலி நகரியம் எழுந்த நிலத்தில் முன்பு ஊர்கள் இருந்தன. முந்திரியும் பலாவும் வளர்த்துக் குடியிருந்தவர்கள் நிலத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எங்களுக்கு வீடு காலி செய்ய வேண்டிய நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. கணக்குப் போட அவகாசம் இருந்தது. அவர்களுக்கு அது கிடைக்கவில்லை. என் வகுப்பில் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளும் படித்தார்கள். "உங்கள் சொந்த ஊர் எது?" என்று வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கேட்கும் வழக்கம் எனக்கு இருந்தது. ஒரு பையன் சன்னலுக்கு வெளியே சுரங்கம் இருந்த திசையைக் காட்டினான். அதன்பின் அந்தக் கேள்வியை நான் வகுப்பில் கேட்டதில்லை.

வாரத்தில் இரண்டு நாள் நானும் நண்பரும் பேருந்தில் கடற்கரைக்குப் போகிறோம். அவர் மணலில் உட்கார்ந்து, இருட்டும்வரை அலையைப் பார்ப்பார். கடைசிப் பேருந்து போய்விடுமே என்று நான்தான் அவசரப்படுத்த வேண்டியிருக்கிறது.