ஆறாவது அறிவு யாருக்கு?



தங்காக்கிலிருந்து லேடாங் மலையடிவாரம் செல்வோர், உணவுப் பொட்டலத்தைக் குரங்கிடம் பறிகொடுத்துவிட்டு, "ஐந்தறிவுக்கு இத்தனை தந்திரமா!" என்று வியப்பதுண்டு. வியப்பதற்கில்லை. தொல்காப்பியர் மரபியலில் புல்லும் மரமும் ஓரறிவுயிர், விலங்கு ஐயறிவுயிர், மக்கள் ஆறறிவுயிர் என வகுத்தார். இதனைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். ஆனால், அக்கிளையில் பிறவும் உள என்று அவரே ஒரு வாயிலைத் திறந்து வைத்ததைப் பலர் கவனிப்பதில்லை. உரையாசிரியரோ, கிளி, குரங்கு, யானை முதலியவற்றை அவ்வாயிலின் உள்ளேயே அழைத்துக்கொண்டார்.

அறிவியல் அங்கு வந்து சேரப் பல நூற்றாண்டுகள் ஆயின. நியூயார்க் விலங்குக் காட்சிசாலையில் 'ஹாப்பி' என்னும் ஆசிய யானையின் தலையில் வெள்ளைக் குறியிட்டுக் கண்ணாடி முன் விட்டனர். அது துதிக்கையால் தன் தலைக்குறியையே தொட்டுப் பார்த்தது. 2006இல் வெளிவந்த ஆய்வு இது. உடன் சோதிக்கப்பட்ட மற்ற இரு யானைகள் அவ்வாறு செய்யவில்லை என்பதையும் மறைக்கலாகாது. 2007இல், திரையில் கணப்பொழுது தோன்றி மறைந்த எண்களை நினைவிற்கொள்வதில், ஜப்பானின் 'அயுமு' என்னும் சிம்பன்சி பல்கலைக்கழக மாணவர்களையே வென்றது.

இனி ஜோகூருக்கு வருவோம். குளுவாங், கோத்தா திங்கி வட்டாரங்களில் யானைகள் தோட்டத்தில் இறங்கினால், "யானை அட்டகாசம்" என்கிறார்கள். காடு செம்பனைத் தோட்டமானதை யானைக்கு யார் அறிவித்தார்கள்? 1974 முதல் வனவிலங்குத் துறை அவற்றைப் பிடித்து வேறு காடுகளில் விட்டு வருகிறது. பிடிபட்ட யானையை இருபுறமும் அணைத்து லாரிவரை நடத்திச் செல்வனவும் பழக்கப்பட்ட யானைகளே.