உஷ்ணமும் புற்றுநோயும்



புற்றுநோய் முன்ஜென்ம வினையால் வருகிறது என்று சொல்லுகிறவர்களைப் பற்றி நாம் அநேக தடவை பேசியிருக்கிறோம். இன்று, அந்த வினையை எலிகளிடத்தில் எப்படித் தீர்த்தார்கள் என்பதைச் சொல்ல வந்திருக்கிறோம்.

நியூயார்க்கில் வில்லியம் கோலி என்று ஒரு ரண வைத்தியர் இருந்தார். பழைய ஆஸ்பத்திரிக் கணக்குகளைப் புரட்டியபோது அவர் கண்ணில் ஒரு சங்கதி பட்டது. கழுத்துக் கட்டியைப் பலமுறை அறுத்தும் பயனில்லாமல் கைவிடப்பட்ட ஒருவனுக்குக் கடுமையான தொற்று ஜுரம் கண்டது. அதன் பிறகு கட்டி கரைந்தே போயிற்று. நம் நாடாயிருந்தால் அவன் படுத்திருந்த இடத்தில் ஒரு கோவிலும், கோவிலுக்கு ஓர் உண்டியலும், உண்டியலுக்கு ஒரு பூசாரியும் முளைத்திருக்கும். கோலியோ அந்த ஆளைத் தேடிக் கண்டுபிடித்து, ஏறக்குறைய 7 வருஷத்துக்குப் பிறகும் அவன் உயிரோடிருப்பதைக் கண்ணால் பார்த்தார். 1891ல் தாமே ஒரு நோயாளிக்குக் கிருமியை ஊசியால் ஏற்றினார். சிலர் பிழைத்தார்கள்; சிலர் ஜுரத்திலேயே இறந்தும் போனார்கள்.

இன்று உஷ்ணத்தைக் கட்டிக்குள்ளேயே அளந்து மூட்டப் பார்க்கிறார்கள். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பங்கிட்டால் ஒரு பங்குக்கு நானோமீட்டர் என்று பெயர். அப்படிச் சில பத்துப் பங்கு அளவேயுள்ள துகள்களைக் கட்டியில் சேர்க்கிறார்கள். இரும்பு ஆக்ஸைடுத் துகளானால் மாறி மாறித் திரும்பும் காந்த சக்தியில் சூடேறும். தங்கத் துகளானால், சதைக்குள் ஊடுருவும், கண்ணுக்குத் தெரியாத ஒருவகை ஒளியில் சூடேறும்.

சுட்டால் தீர்ந்ததே என்பீர்கள். கட்டி ஓரிடத்தில் மாத்திரம் இருந்தால்தானே? புற்றணு என்பது நம் உடலணுவே கெட்டுப் போனது. வீட்டுப் பிள்ளையே திருடனானால் காவல்காரன் எப்படிப் பிடிப்பான்? வெந்து உடைந்த அணுக்களிலிருந்து சிதறும் பொருள்கள், இரத்தத்திலுள்ள காவல் அணுக்களுக்கு அந்தத் திருடனை அடையாளங் காட்டுகின்றன. ஆனால் காவலைத் தடுத்து நிறுத்தும் சூழ்ச்சியும் புற்றுக்குத் தெரியும். அந்தத் தடையை நீக்கும் மருந்துகளுக்கு வழி கண்டதற்காகவே ஜேம்ஸ் ஆலிசனுக்கும், ஜப்பானியரான தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அம்மருந்து மட்டும் பலருக்குப் பலிப்பதில்லை.

அமெரிக்காவில் டியூக் சர்வகலாசாலையார் 2017ல் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். எலியின் இரு பக்கமும் கட்டி. தங்கத் துகளேற்றி ஒரு பக்கத்துக்கு மாத்திரம் ஒளி பாய்ச்சி, மருந்தும் கொடுத்தார்கள். சுடாத பக்கத்துக் கட்டியும் அடங்கிற்று! கட்டி முற்றும் அழிந்தபின் மறுபடி புற்றணுவை ஏற்றியும் 60 நாள் வரை கட்டி எழவில்லை.

இவை எலிகள், தோழர்களே. மனிதருக்கு இந்தக் கூட்டு வைத்தியம் இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. நாளைக்கே குணமாகிவிடும் என்று நாம் சொன்னால் பூசாரிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? உடம்பில் கட்டி கண்டவர்கள் இந்தத் துகளுக்காகவும் காத்திருக்க வேண்டாம், நேர்த்திக் கடனுக்காகவும் காத்திருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தங்கம் என்றதும், "எங்கள் தங்க பஸ்பத்தில் இதெல்லாம் அன்றைக்கே இருக்கிறது" என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு சிலர் வருவார்கள். எந்த ஒளியில் எவ்வளவு சூடேறுகிறது, எத்தனை எலிகளிடம் சோதித்தீர், எத்தனை செத்தன என்று அவர்களைக் கேளுங்கள்.