யார் ஒட்டலாம் வீரப்பன் படத்தை?

(திண்டிவனத்தில் இளைஞர்களின் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



'சந்தனக்காடு' தொடரையும் அதற்குப் பிறகு வந்த வீரப்பன் தொடர்களையும் பற்றிப் பேசச் சொன்னீர்கள். திரை விமர்சனம் எனக்கு வராது. அதோடு நான் அந்தத் தொடரை வாயைப் பிளந்துகொண்டு ரசித்தவன். அதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு சின்னத் தகராறு நடந்தது. அதைச் சொல்லித் தொடங்குகிறேன்.

என் அக்கா மகன் விழுப்புரத்தில் கல்லூரியில் படிக்கிறான். வண்டியின் முன்பக்கம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். மீசையும் துப்பாக்கியுமாக வீரப்பன். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அது பாதி கிழிந்திருந்தது. ஊர்த்தெரு டீக்கடை அருகே நான்கு பேர் வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. சிரித்துக்கொண்டே, "அவரு எங்க ஆளு. உனுக்கு இன்னாத்துக்கு இது?" என்று கேட்டு, நகத்தால் சுரண்டியிருக்கிறார்கள். பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவன் அதே ஊர்த்தெருப் பையன், இவனுடைய வகுப்புத் தோழன். அவன் வண்டியிலும் அதே ஸ்டிக்கர்தான். இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியது. அதை யாரும் சுரண்டவில்லை.

என் அக்கா சொன்னது: "அம்பேத்கர் படம் ஒட்டுனா கிழிப்பானுங்கன்னு தெரியும். கொள்ளக்காரன் படத்துக்குமாடா?"

இங்கே இருக்கும் தம்பி தங்கைகள் பலர் அந்தத் தொடர் வந்தபோது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள். அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன். 2006 செப்டம்பரில் தமிழ்நாட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. அதே மாதம் மக்கள் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. பா.ம.க. சார்புடைய அலைவரிசை. கட்சியின் நிறுவனர் ராமதாசின் தைலாபுரம் நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்திலிருந்து ரொம்ப தூரமில்லை. அவர் மருத்துவம் பார்த்ததும் இதே திண்டிவனத்தில்தான். சினிமா இல்லாமல், தமிழில் மட்டும் பேசும் அலைவரிசை என்று சொன்னார்கள். எங்கள் காலனிக்கு அரசாங்கத்து டிவி வந்தது, கேபிள்காரர் கம்பி இழுத்தார், வ.கௌதமன் இயக்கிய 'சந்தனக்காடு' வந்தது. வீரப்பனாகக் கராத்தே ராஜா நடித்தார். அதற்கு மூன்றே ஆண்டு முன்பு, 2004 அக்டோபர் 18 அன்று, பாப்பாரப்பட்டி அருகே சுட்டுக் கொல்லப்பட்ட மனிதர் எங்கள் வீட்டுக்குள் மறுபடி நடமாடத் தொடங்கினார்.

ஊர்த்தெருவில் எப்படிப் பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியும். அப்போது அங்கே ஒரு வீட்டில் கொத்தனார் வேலைக்குச் சித்தாளாகப் போய்க்கொண்டிருந்தேன். திண்ணையில் பேச்செல்லாம் அதுதான். "படையாச்சி புள்ள ரெண்டு மாநிலப் போலீசுக்குத் தண்ணி காட்டியிருக்கான்" என்ற பெருமை. கல்லூரி நண்பர்கள் சிலர் அவரைத் தமிழ்த்தேசியப் போராளியாகப் பார்த்தார்கள். 2000ஆம் ஆண்டு கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்தி 108 நாள் காட்டில் வைத்திருந்தபோது காவிரி நீர் பற்றியெல்லாம் கோரிக்கை வைத்தாரே, அந்த வீரப்பன். இன்னொரு கூட்டம், இது கொலைகாரனுக்குக் கோயில் கட்டும் வேலை என்றது. 1993 பாலாறு கண்ணிவெடியில் மட்டும் 22 பேர் செத்தார்கள் என்று அவர்கள் நினைவூட்டினார்கள். அதுவும் பொய்யில்லை. வீரப்பனின் சொந்த ஊரான கோபிநத்தத்திலேயே, 1991இல் அவர் கொன்ற வனத்துறை அதிகாரி சீனிவாசை இன்றும் போற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஊருக்கு மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்தவர் அவர். பிறந்த ஊரே இரண்டாகப் பிரிந்து நிற்கிற கதை இது. ரசிகர்கள் ஒன்றாக இருப்பார்களா?

எங்கள் காலனி எப்படிப் பார்த்தது? என் அம்மாவுக்கு வீரப்பன்மேல் பெரிய அக்கறை கிடையாது. அதிரடிப்படை ஊருக்குள் நுழைகிற காட்சி வந்தால் மட்டும் அடுப்பை விட்டுவிட்டு வந்து நிற்பார். கிராமத்து ஆண்களைக் கட்டி இழுத்துப்போவது, பெண்களை முகாமில் அடைப்பது. "இதான் நெசம்" என்பார். போலீஸ் அடி எப்படியிருக்கும் என்று அவருக்கு யாரும் நடித்துக் காட்ட வேண்டியதில்லை.

அந்த விஷயத்தில் தொடருக்கு உரிய மரியாதையைக் கொடுத்தாக வேண்டும். அதிரடிப்படை என்ன செய்தது என்பதை அத்தனை வீட்டு நடுக்கூடத்துக்கும் அது கொண்டுவந்தது. அது கற்பனையும் அல்ல. தேசிய மனித உரிமை ஆணையம் 1999இல் நீதிபதி சதாசிவா தலைமையில் விசாரணைக் குழு அமைத்தது. மாதேசுவரன் மலையில் மனிதர்களை வதைத்த இடத்துக்கு 'ஒர்க்‌ஷாப்' என்று பெயர் வைத்திருந்தார்கள். 2007 ஜனவரியில் ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மைசூர் சிறையில் தடா சட்டத்தில் கிடந்தவர்களில் பெரும்பாலோர் குற்றமற்றவர்கள் என்று 2001இல் விடுதலையானார்கள். அதற்குள் ஏழெட்டு வருடம் போய்விட்டது. சோளகர்களின் கதையை ச.பாலமுருகன் 'சோளகர் தொட்டி' என்ற நாவலாக 2004இலேயே எழுதிவிட்டார். இன்னும் படிக்காதவர்கள் படியுங்கள். 2023இல் வந்த 'கூச முனிசாமி வீரப்பன்' தொடரிலும் பாதிக்கப்பட்ட மக்கள் பேசுகிறார்கள். எனக்கு அதில் பிடித்த பகுதி அதுதான். வீரப்பன் வாய்நிறையச் சிரித்துக்கொண்டு கதை சொல்லும் பகுதிதான் பலருக்குப் பிடித்திருந்தது. அவர் நல்ல கதைசொல்லி, அதை மறுக்க முடியாது.

சந்தன மரத்தின் பெயரால் நடந்தவற்றில் வாச்சாத்தியைவிடக் கொடியது எது? 1992 ஜூன் 20. தர்மபுரி மாவட்டத்துப் பழங்குடி கிராமம். சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வந்தவர்கள் 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள், ஊரையே சூறையாடினார்கள். 269 பேர் மீது வழக்கு. 54 பேர் விசாரணைக் காலத்திலேயே இறந்துபோனார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011இல் தீர்ப்பு வந்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023 ஆனது.

நம் மாவட்டத்துக்கே வருவோம். 1993இல் அத்தியூர் இருளர் பெண்ணுக்கு நடந்த கொடுமையும் அதை ஒட்டிய போராட்டமும்தான் பேராசிரியர் பிரபா கல்விமணியின் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்துக்கு வித்து. இதே திண்டிவனத்தில் முளைத்த சங்கம். 2011 நவம்பரில் திருக்கோவிலூர் பக்கம் நான்கு இருளர் பெண்கள் போலீசார் மீது அதே புகாரைச் சொன்னார்கள். திருட்டு வழக்கு என்று சொல்லி வீட்டுப் பெண்களைத் தூக்கிப்போன போலீஸ். 'சந்தனக்காடு' பார்த்துக் கண்கலங்கிய ஊர்த்தெரு இதற்கு எத்தனை நாள் கலங்கியது? நான் அங்கேதான் இருந்தேன். டீக்கடையில் ஒரே வரிதான்: "அவனுங்க திருடுவானுங்கதானே."

எனக்குள் கேள்வி அங்கேதான் பிறந்தது. யானைத் தந்தமும் சந்தனமும் கடத்தியவர், அதை அவரே கேமரா முன்னால் ஒத்துக்கொண்டவர், வீரர் ஆகிறார். ஒன்றையுமே தொடாத இருளர் திருடன் ஆகிறார். திருடன் யார், வீரன் யார் என்பதை எது தீர்மானிக்கிறது? எனக்குத் தெரிந்து, அவன் தெருவில் எத்தனை ஓட்டு இருக்கிறது என்பதுதான்.

ஒரு வேடிக்கை பாருங்கள். தமிழ்நாடு அரசின் சீர்மரபினர் பட்டியலை எடுத்துப் படித்தால், குறவர்களின் பல பிரிவுகளோடு கடலூர் மாவட்டத்து ஒரு குப்பத்துப் படையாட்சிகளும் இருக்கிறார்கள். வெள்ளைக்காரன் குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தியபோது அந்த மக்களையும் சேர்த்துத்தான் குத்தினான். பிறவியிலேயே திருடன் என்று ஒருவனைச் சொன்னால் எப்படியிருக்கும் என்று அவர்கள் தாத்தாவுக்குத் தெரியும். பேரன் டீக்கடையில் இருளரைப் பார்த்து அதையே சொல்கிறான்.

'ஜெய்பீம்' வந்தபோது, 2021இல், என்ன நடந்தது? 1993இல் கம்மாபுரம் காவல்நிலையத்தில் திருட்டுப் பட்டம் கட்டிக் கொல்லப்பட்ட ராஜாக்கண்ணு என்ற குறவரின் கதை அது. படத்தில் இருளராக மாற்றியிருந்தார்கள். கொடுமைக்காரப் போலீஸ் வீட்டு நாட்காட்டியில் அக்னி கலசம் தெரிந்தது என்று எதிர்ப்பு. செய்யாத குற்றத்தைத் தங்கள் சாதி மேல் ஒட்டுகிறார்கள் என்றார்கள். அதுவரை நியாயம்தான், படக்குழுவும் படத்தை மாற்றியது. ஆனாலும் வன்னியர் சங்கம் 5 கோடி கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 2007இல் லாக்கப் சித்திரவதையைக் கண்டு கொதித்த அதே வீடுகளில், 2021இல் பேச்செல்லாம் நாட்காட்டியைப் பற்றி.

இப்போது பழைய கதை ஒன்று. நம் பாட்டிமார்களுக்கும் சட்டத்தை மீறிய வீரர்கள் உண்டு. மதுரைவீரன், காத்தவராயன். அவர்கள் கடத்தியது என்ன? சந்தனமா, தந்தமா? பொம்மியை விரும்பினான் மதுரைவீரன். ஆரியமாலையை விரும்பினான் காத்தவராயன். பெண்ணைத் திருடியவர்கள் என்று பட்டம். ஒருவனுக்கு மாறுகால் மாறுகை, இன்னொருவனுக்குக் கழுமரம். மக்கள் ஊர் எல்லையில் வைத்துக் கும்பிட்டார்கள். ஆனால் கதையைப் பாடியவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். மதுரைவீரன் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன்தான், பிறந்தது ராஜாவுக்கு என்றார்கள். காத்தவராயன் சேரியில் வளர்ந்தவன்தான், பிறப்பால் சிவன் பிள்ளை என்றார்கள். எம்.ஜி.ஆரின் 1956 படமும் அந்த ராஜா பிறப்பை விடவில்லை. சினிமா கொட்டகையில் விசிலடித்த நம் ஆட்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, கடைசிவரை 'நம்ம வீரன்' என்றே சொன்னார்கள். எனக்கு மட்டும் அந்த இடம் தொண்டையில் முள். வீரப்பனுக்கு யாராவது வேறு அப்பாவைத் தேடினார்களா? 'கூச முனிசாமி வீரப்பன்' என்று அப்பா பெயரோடுதானே தொடரே வந்தது?

அந்தப் பழைய குற்றம் இன்னும் குற்றமாகவே இருக்கிறது. வீரப்பன் விழுந்த அதே தர்மபுரி மாவட்டத்தில், 2012 நவம்பர் 7 அன்று, நத்தம் காலனி எரிந்தது. இளவரசன் செய்த குற்றம் ஒரு வன்னியப் பெண்ணை விரும்பி மணந்தது. நாடகக் காதல் என்றார்கள், ஜீன்ஸ் என்றார்கள், கூலிங் கிளாஸ் என்றார்கள். 2013 ஜூலையில் அவன் தண்டவாளத்தில் கிடந்தான். அதற்கு முன்பு ஏப்ரலில் மரக்காணம். எங்கள் சொந்தக்காரர்கள் வீடு எரிந்தது. அந்த நாளில் இரண்டு வன்னிய இளைஞர்களும் உயிரிழந்தார்கள், அதையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும். அன்று சாம்பலில் பாத்திரம் பொறுக்கிக்கொண்டிருந்த என் சித்தி கேட்டார்: "அந்த நாடகத்தப் பாத்து நாம ஒண்ணா அழுதோமேடா?"

நான் பதில் சொல்லவில்லை. ஒரே தொடரைப் பார்த்து அழுதோம், ஆனால் அவரவர் தெருவில் இருந்தபடி அழுதோம். வதைபட்ட மலைக்கிராமத்தானை எங்களைப் போன்றவன் என்று நாங்கள் பார்த்தோம். அவர்கள் அவனைத் தங்கள் வீரனுக்காக வதைபட்டவன் என்று பார்த்தார்கள். இரண்டும் ஒரே கண்ணீர் இல்லை.

வீரப்பனை ரசிக்காதே என்று நான் சொல்ல வரவில்லை. சொன்னால் அக்கா மகன் கேட்கவும் மாட்டான். போலீசுக்குப் பயப்படாத ஒருவனைப் பார்த்தால் காலனிப் பையனுக்கு ஏன் மனசு துள்ளுகிறது என்று எனக்குத் தெரியாதா? பதினேழு வயதில் என்னை ராத்திரி முழுக்க ஸ்டேஷனில் உட்காரவைத்தார்கள். எந்த ஸ்டேஷன் என்பது இப்போது வேண்டாம். சைக்கிளுக்கு ரசீது இல்லை என்பதுதான் விஷயம். வெளியே வந்த அடுத்த வாரம் என் நோட்டுப் புத்தகத்தில் யார் படம் இருந்தது என்று நினைக்கிறீர்கள்?

என் கவலை அந்தக் கிழிந்த ஸ்டிக்கர். கொள்ளைக்காரனைக்கூட நீ ரசிக்கக் கூடாது, அவனும் எங்களுக்குத்தான் என்று சொல்கிற நகம். அன்றைக்கு அந்த ஊர்த்தெருப் பையன் வண்டியிலிருந்து இறங்கவில்லை, எதுவும் பேசவும் இல்லை. அதற்காக என் அக்கா மகன் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. எட்டாம் நாள் காலையில் அவன் வீட்டு வாசலில் வந்து நின்றான். தன் வண்டியில் இருந்த ஸ்டிக்கரை அவனே உரித்திருந்தான். பசை மட்டும் கறுப்பாக ஒட்டியிருந்தது. ஏன் உரித்தாய் என்று நான் கேட்டதற்கு, "தெர்லண்ணா" என்றான்.

இரண்டு பேரும் இன்று வந்திருக்கிறார்கள், அதோ கடைசி வரிசையில். முன்னால் வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறார்கள். கேள்வி நேரத்தில் என்னிடம் கேட்பதைவிட அவர்களிடம் கேளுங்கள். நான் உட்காருகிறேன்.