குரற்பெட்டியின் கொள்ளளவு

(திங்கட்கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



இன்று குரலஞ்சலைப் பற்றிப் பேசப் போகின்றேன். தமிழாசிரியனுக்கும் தொலைபேசிக் கருவிக்கும் என்ன தொடர்பு என்று உங்களுள் சிலர் நகைக்கலாம். தொடர்பு உண்டு. என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அமெரிக்க நாட்டில் ஓர் அலுவலகத்தின் தொலைபேசி அமைப்பைக் கண்காணித்து வந்தார். அங்கிருந்த பழைய குரலஞ்சற் கருவியின் அமைவுகளுக்குத் தமிழ்ச்சொல் வேண்டுமென்று 2011-ஆம் ஆண்டு எனக்கு எழுதினார். பொருள் விளங்காமல் சொல்லாக்கம் செய்யலாகாது. ஆகவே, ஒவ்வோர் அமைவும் என்ன செய்கின்றது என்று வினவினேன். அவர் விளக்கி எழுதியபோது, தாம் செய்த பிழையொன்றையும் மறைக்காது எழுதினார். அப்பிழையே இவ்வுரைக்குக் கரு.

குரலஞ்சல் என்பது யாது? நீங்கள் அழைக்கும் அலுவலர் இருக்கையில் இல்லையெனின், உங்கள் குரலை ஏற்று வட்டில் எழுதிவைத்து, அவர் வந்தபின் கேட்கச் செய்வது. அமெரிக்கரான கார்டன் மேத்யூசு என்பவர் 1979-இல் வேண்டி, 1983-இல் இதற்குப் புத்தாக்க உரிமை பெற்றார். அதன்பின் ஆக்டெல், ஆடிக்சு முதலிய அமைப்புகள் பெரிய அலுவலகங்களிலெல்லாம் இடம் பெற்றன. ஒவ்வோர் ஊழியர்க்கும் ஒரு குரற்பெட்டி. அதைத் திறக்க ஒரு மறையெண்.

பெட்டி என்கிறோம், உண்மையில் தனிப்பெட்டி ஏதுமில்லை. இருப்பது ஒரே வட்டு. ஓர் ஏரியின் நீர் பல மடைகள் வழியே பல வயல்களுக்குப் பங்கிடப்படுவதுபோல, அவ்வட்டின் இடமே எல்லார்க்கும் பங்கிடப்படுகின்றது. இதைக் கணக்கால் விளக்குவேன். தொலைபேசியில் ஒலியை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் ஒரு பைட்டில் எழுதுவது பொதுமுறை. அவ்வாறாயின் ஒரு மணிநேரப் பேச்சுக்கு 2 கோடியே 88 நூறாயிரம் பைட்டு வேண்டும். அதனை நான்கிலொன்றாகச் சுருக்கினால் 72 நூறாயிரம் பைட்டுப் போதும். இவ்வாறு சுருக்கி எழுதினும், 100 மணிநேரப் பேச்சுக்கு 72 கோடி பைட்டு இடம் வேண்டும். பழைய வட்டுகளுக்கு இது சிறிதன்று.

ஓர் அலுவலகத்தில் 300 ஊழியர். ஒவ்வொருவர்க்கும் 20 நிமையம், அஃதாவது 1,200 நொடி, என அளவு வைத்தால் 6,000 நிமையம். அதுவே 100 மணிநேரம். வட்டின் கொள்ளளவும் 100 மணிநேரமே என்று கொள்ளுங்கள். ‘என் பெட்டி நிறைந்துவிட்டது’ என்று சிலர் முறையிட, பொறுப்பாளர் எல்லார்க்கும் 40 நிமையம் ஆக்கிவிடுகின்றார். கருவி மறுப்பதில்லை, எண்ணை ஏற்றுக்கொள்கின்றது. ஆனால் வட்டு வளர்ந்துவிட்டதா? இல்லை! 100 மணிநேர இடத்தின்மேல் 200 மணிநேரத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. எல்லாரும் ஒருங்கே நிரப்பாதவரை வாக்குப் பிழைக்கும். நிரப்பத் தொடங்கினால், ஒழுங்காகக் கேட்டு அழித்துவருபவரின் பெட்டியும் செய்தி ஏற்காது. ஏரி வற்றியபின் மடை அகன்றிருந்தென்ன?

அவ்வாறாயின் எவ்வமைவை மாற்றுவது? என் மாணவர் மூன்றைக் குறித்தார். ஒன்று, பெட்டியின் கொள்ளளவு. இரண்டு, தனிச்செய்தி ஒன்றன் நீள எல்லை. மூன்று, செய்தியை எத்தனை நாள் வைத்திருப்பது என்பது. இதற்கு ‘வைப்புநாள்’ என்று பெயரிட்டேன். ஆடிக்சு போன்ற அமைப்பில் வைப்புநாள் ஒன்றன்று. புதிய செய்திக்கு ஒன்று. தலைப்பு மட்டும் கேட்டுச் செய்தியைக் கேளாது விட்டதற்கு ஒன்று. கேட்டுமுடித்த பழைய செய்திக்கு ஒன்று. அனுப்பிய செய்திகளும் வெளிச்செல் பகுதியில் தங்கி இடம் கொள்கின்றன. இவற்றை ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே அமைக்கலாம். பணிவகுப்பு ஒன்றனுள் சேர்ந்த அனைவர்க்கும் ஒருங்கேயும் அமைக்கலாம். ஒருங்கே அமைப்பது எளிது. அதனாலேயே ஊறும் மிகுதி.

இனி, அவர் செய்த பிழையைச் சொல்கின்றேன். வட்டு நிறையும் நிலை வந்தது. பழைய செய்திகளின் வைப்புநாள் 180 ஆக இருந்தது. அதனைப் பணிவகுப்பு முழுமைக்கும் 14 என ஒரே எண்ணால் குறைத்தார். நாள் கடந்த செய்திகளைக் கருவி இரவில் தானே துடைத்துவிடும். மறுநாட் காலையில் வட்டிற் பெரும்பகுதி ஒழிந்திருந்தது. அவர் மகிழ்ந்தார்.

அன்று நண்பகலில் ஊழியப் பெண்ணொருத்தி அவரிடம் வந்தாள். அவள் தந்தை இறந்து இரண்டு திங்கள் ஆகியிருந்தது. இறப்பதற்குச் சில நாள் முன்பு, மகள் இருக்கையில் இல்லாதபோது அழைத்துச் சில சொற்கள் விட்டிருந்தார். அக்குரலை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள். இடையிடையே கேட்டும் வந்தாள். இன்று பெட்டியைத் திறந்தால் ஒன்றுமில்லை. காப்புப்படியில் தேடினார். அவ்வலுவலகத்தில் நாடோறும் எடுத்த படியில் பெயர்களும் அமைவுகளுமே இருந்தன. செய்திக் குரல்கள் இல்லை. ‘ஐயா, நான் மாற்றியது ஓர் எண், அழிந்தது ஒரு தந்தை’ என்று அவர் எனக்கு எழுதினார்.

அதன்பின் அவர் வகுத்துக்கொண்ட ஒழுங்கு இது. முதலில் எப்பெட்டிகள் இடத்தை விழுங்குகின்றன என்று பார்க்க வேண்டும். பணி விட்டு விலகியோர் பெட்டிகளைத் தலைமையின் இசைவு பெற்று நீக்க வேண்டும். வெளிச்செல் பகுதியைத் துடைக்கச் சொல்ல வேண்டும். தனிச்செய்தியின் நீளத்தை அளவாக வைக்க வேண்டும். தேவை மிகுந்தார்க்கு மட்டும் கொள்ளளவைக் கூட்டி, கொடுத்த வாக்கின் மொத்தத்தை வட்டின் அளவோடு ஒப்பிட வேண்டும். வைப்புநாளைக் கடைசியாகவே தொட வேண்டும். தொடுமுன் எல்லார்க்கும் நாள் குறித்து அறிவிக்க வேண்டும். போற்ற வேண்டிய குரல் இருப்பின், ஒலிப்பதிவுக் கருவியை அருகில் வைத்துப் படியெடுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். இதற்குச் செலவு ஏதுமில்லை. பத்து நாட் பொறுமையே வேண்டும்.

தோழர்களே! இக்கருவிகள் இன்று அருகி வருகின்றன. கோக்கோ கோலா நிறுவனம் 2014-இன் இறுதியில் அட்லாண்டாத் தலைமை அலுவலகத்துக் குரலஞ்சலை நிறுத்தியது. அடுத்த ஆண்டு பெரிய வங்கியொன்றும் தன் ஊழியர் பலர்க்கு அதனை விலக்கியது. ஆயினும் சிக்கல் மாறவில்லை. நம் கைப்பேசியிலும் ‘இடமில்லை’ என்னும் எச்சரிக்கை வருகின்றது. நாமும் ஒரே தொடுகையில் அனைத்தையும் துடைக்கின்றோம்.

‘வைப்பு’ என்பது நம் பழஞ்சொல். வைத்தவர் ஒருவர் உண்டு என்பதை அச்சொல்லே சொல்கின்றது. பிறர் வைத்ததற்கு நாள் குறிப்பவர், வைத்தவரை ஒரு சொல் கேட்டபின் குறிக்கட்டும்.