ஓட்டுப் போட்ட குற்றம்!

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கோர்ட்டுக் கதை நம் ஜனங்களுக்கு அலுப்பதில்லை. இன்று நாம் சொல்லப்போவது அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு. கொலை இல்லை, கொள்ளை இல்லை. ஒரு ஸ்திரீ ஓட்டுப் போட்டாள், அதுதான் குற்றம்.

அவர் பெயர் சூஸன் பி. அந்தோணி. 1872 நவம்பர் 5-ந் தேதி, ரோச்செஸ்டர் நகரில், ஜனாதிபதி தேர்தலில் ஓட்டுப் போட்டார். பிரஜைகளின் உரிமையை எந்த மாகாணமும் குறைக்கக் கூடாதென்று 1868-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள். பெண்ணும் பிரஜைதானே என்பது அவர் வாதம். இரண்டு வாரத்திற்குள் கைது!

அம்மையார் வீட்டில் முடங்கவில்லை. ஜில்லா முழுவதும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இந்த ஜில்லாவில் ஜூரர்கள் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்று பயந்த சர்க்கார் தரப்பு, வழக்கைப் பக்கத்து ஜில்லாவுக்கு மாற்றிற்று. அங்கும் போய்ப் பேசினார்.

1873 ஜூன் 17-ல் கானண்டைகுவா என்ற ஊரில் விசாரணை. ஜட்ஜ் வார்ட் ஹண்ட். ஜூரர்கள் அத்தனை பேரும் ஆண்கள். தமக்காகச் சாட்சி சொல்ல அம்மையாருக்கு அனுமதி இல்லை. அவருடைய வக்கீல் ஹென்றி செல்டன் மணிக்கணக்கில் வாதாடி உட்கார்ந்தார். பிறகு ஜட்ஜ், முன்பே எழுதிக் கொண்டுவந்த காகிதத்தை எடுத்துப் படித்தார்! குற்றவாளி என்று சொல்லும்படி ஜூரர்களுக்கே உத்தரவு போட்டார். ஒவ்வொருவரையும் தனித்தனியே கேளுங்கள் என்று வக்கீல் மன்றாடியும் கேட்கவில்லை. நம் மில்களில் விசாரணை என்ற பெயரில் நடப்பது நினைவுக்கு வருகிறதல்லவா? டிஸ்மிஸ் உத்தரவை டைப் அடித்து வைத்துக்கொண்டுதானே மானேஜர் விளக்கம் கேட்பார்!

மறுநாள், தண்டனைக்கு முன் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஜட்ஜ் கேட்டார். சம்பிரதாயத்துக்குக் கேட்டது. அம்மையாரோ பிடித்துக்கொண்டார். உட்காரச் சொன்னார் ஜட்ஜ், உட்காரவில்லை. மறுபடி, மறுபடி சொன்னார், பேச்சு நிற்கவில்லை. சட்டப்படிதான் விசாரித்தோம் என்றார் ஜட்ஜ். அந்தச் சட்டத்தை எழுதியது ஆண், அர்த்தம் சொல்வது ஆண், தீர்ப்பளிப்பது ஆண் என்று திருப்பிக் கொடுத்தார். ஓடிவந்த அடிமைக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பதைக்கூடக் குற்றமாக்கியது இதே சட்டம்தானே என்றும் கேட்டார்.

அபராதம் 100 டாலர், கோர்ட்டுச் செலவு வேறு. ஒரு டாலரும் கட்ட மாட்டேன் என்றார். கடைசிவரை கட்டவே இல்லை. ஜட்ஜ் கெட்டிக்காரர். கட்டும்வரை ஜெயில் என்று உத்தரவிடவில்லை. உள்ளே தள்ளினால் வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போகுமே! ஆனால், பெண்களிடம் ஓட்டை வாங்கிய தேர்தல் அதிகாரிகளில் அபராதம் கட்ட மறுத்தவர்கள் 1874-ல் ஜெயிலுக்குப் போனார்கள். ஓட்டுப் போட்ட பெண்கள் அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பிறகு ஜனாதிபதி கிராண்ட் அவர்களை மன்னித்தார்.

அம்மையாரின் குறையையும் மறைக்க மாட்டோம். 1869-ல் நியூயார்க் அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, பெண்களுக்கு அச்சு வேலை பழக்கும்படி முதலாளிகளிடமே போய்க் கேட்டார். அதனால் அவ்வருஷம் தேசியத் தொழிற்சங்க மாநாட்டில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. தொழிலாளர் கோபம் நியாயமே. ஆனால் பெண்ணுக்கு வேலை பழக்கச் சங்கமே முன்வந்திருந்தால் அவர் முதலாளி வாசலுக்கு ஏன் போகிறார்?

1906-ல் அவர் காலமானார். 1920-ல்தான் அமெரிக்கா முழுவதும் பெண்களுக்கு ஓட்டு வந்தது. அப்போதும் தென் மாகாணங்களில் கறுப்பினப் பெண்களை எழுத்துப் பரீட்சை, தலைவரி என்று சொல்லிச் சாவடி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்தத் தடையை உடைக்கும் சட்டம் வர 1965 ஆயிற்று.