கொண்டல் எழும் நேரம்



இந்தக் கருத்தரங்கைக் காரங்காட்டில் நடத்தலாம் என்ற பேச்சு எழுந்தபோது நண்பர்கள் சிலர் தயங்கினார்கள். உயர் மின்னழுத்தத்தில் இயங்கும் கருவிகளைப் பற்றிப் பேச உப்புக் காற்று வீசும் அலையாத்திக் காட்டோரம் எதற்கு என்று கேட்டார்கள். அந்த உப்புக் காற்றுக்காகத்தான் இங்கே வந்திருக்கிறோம். அந்தக் கருவிகளான கம்பி அறைகளைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் வறண்ட, குளிர்ந்த, தூசியற்ற ஆய்வகங்களில் இருந்தவர்கள் எழுதியவை. தொண்டியிலோ தூத்துக்குடியிலோ ஒரு மாணவர் கம்பி அறை கட்டினால் அவருக்கு வரும் பழுதுகள் வேறு. நேற்று மாலை படகில் போனவர்கள் அலையாத்தி இலைகளில் உப்புப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். வேர் உறிஞ்சிய உப்பை அந்த மரம் இலை வழியே தானே வெளியேற்றிவிடுகிறது. நம் மின்இணைப்பியின் மேல் படியும் உப்பை நாம்தான் துடைக்க வேண்டும்.

முன்வரிசையில் இளங்கலை மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். கம்பி அறை என்பது வாயு நிரப்பிய ஒரு பெட்டி. உள்ளே தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் வரிசையாக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். வானிலிருந்து வரும் மியூவான் என்னும் ஒரு துகள் ஆர்கான் வாயுவில் ஒரு சென்டிமீட்டர் கடந்தால் ஏறத்தாழ நூறு எலக்ட்ரான்கள் விடுபடும். அவை கம்பியை நோக்கி நகர்ந்து, அதை மிக நெருங்கியதும், அங்கே மின்புலம் கடுமையாக இருப்பதால், மோதி மோதிப் பல்லாயிரம் மடங்காகப் பெருகும். அந்தப் பெருக்கைத்தான் துடிப்பாகப் பதிவு செய்கிறோம். ஒற்றைக் கம்பியில் இதை 1908-இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டும் கைகரும் செய்துகாட்டினார்கள். பல கம்பிகளை ஒரே தளத்தில் கட்டி, ஒவ்வொன்றையும் தனி எண்ணியாக இயங்கவைத்தவர் ஜார்ஜ் சார்பாக். செர்ன் ஆய்வகத்தில், 1968-இல். அதற்கு முன் தீப்பொறி அறைகளைப் படமெடுத்து, படங்களை உட்கார்ந்து கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார்பாக்குக்கு 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது. அது ஒரு கருவிக்குக் கிடைத்த பரிசு. கருவி கட்டுவதை இயற்பியலின் கீழ்ப்படியாகப் பார்க்கும் பழக்கம் நம் கல்லூரிகளில் இன்னும் இருக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நம் மண்ணில் இந்த வேலைக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. கோலார் தங்கச் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1980-இல் புரோட்டான் சிதைவைத் தேடும் சோதனை தொடங்கியது. இந்தியரும் ஜப்பானியரும் சேர்ந்து செய்தது. 140 டன் எடையுள்ள அந்தக் கருவியில் 34 அடுக்குகளாகச் சதுர இரும்புக் குழாய்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கம்பி. புரோட்டான் சிதைந்ததாக இருக்கலாம் என்று சில நிகழ்வுகளை அவர்கள் வெளியிட்டார்கள். பின்னால் வந்த பெரிய கருவிகள் அதை உறுதிசெய்யவில்லை. அதனால் அந்த உழைப்பு வீண் என்று யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். குழாயை மூடி, கம்பியைக் கட்டி, வாயுவை நிரப்பி, ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருக்கும் கைப்பழக்கம் அங்கே வளர்ந்தது. பின்பு அது நீலகிரிக்கும் ஏறியது.

உதகமண்டலத்தில், 2,200 மீட்டர் உயரத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் கிரேப்ஸ்-3 என்னும் அண்டக்கதிர் ஆய்வகம் இருக்கிறது. அதன் மியூவான் தொலைநோக்கியில் 3,712 குழாய்கள். ஒவ்வொன்றும் ஆறு மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர் சதுரம். நடுவே 100 மைக்ரான் டங்ஸ்டன் கம்பி. உள்ளே பத்துக்கு ஒன்பது பங்கு ஆர்கான், ஒரு பங்கு மீத்தேன். இரண்டு மீட்டர் கான்கிரீட்டுக்கு அடியில் 560 சதுர மீட்டர் பரப்பில் அவை ஒரு நாளைக்கு ஏறத்தாழ 400 கோடி மியூவான்களை எண்ணுகின்றன.

1 டிசம்பர் 2014 அன்று உதகைக்கு மேல் ஓர் இடிமேகம் கடந்தது. பதினெட்டு நிமிடங்கள் மியூவான் எண்ணிக்கை குறைந்தது. உச்சத்தில் குறைவு இரண்டு சதவீதம். நண்பர்களே, உங்கள் அறையில் எண்ணிக்கை இரண்டு சதவீதம் குறைந்தால் என்ன நினைப்பீர்கள்? மின்னழுத்தம் இறங்கியிருக்கும், வாயுவில் காற்று கலந்திருக்கும், எர்த்திங் கெட்டிருக்கும் என்றுதான் நினைப்போம். இடியோடு கூடிய நேரத்தில் அப்படி நினைப்பது இன்னும் எளிது. அவர்கள் தங்கள் குழாய்களை அறிந்திருந்தார்கள். 2011 ஏப்ரல் முதல் 184 இடிமழைகளைப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அதனால், குறைந்தது கருவியின் திறன் அல்ல, வந்து சேர்ந்த மியூவான்களே குறைந்தன என்று துணிய முடிந்தது. அதிலிருந்து கணக்கிட்டபோது அந்த மேகத்துக்குள் 1.3 ஜிகாவோல்ட், அதாவது 130 கோடி வோல்ட், மின்னழுத்த வேறுபாடு இருந்தது தெரிந்தது. 2019-இல் வெளியான இந்த முடிவை உலகமே திரும்பிப் பார்த்தது.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். பழுதும் கண்டுபிடிப்பும் தரவில் ஒரே முகத்தோடு வருகின்றன. எது எது என்று பிரித்தறிவது, கருவியின் எல்லாப் பழுதுகளையும் முன்பே பார்த்து எழுதிவைத்தவருக்கே முடியும்.

என் அனுபவம் ஒன்று. கடற்கரை ஊர்க் கல்லூரி ஒன்றில் நாங்கள் ஓர் அறை கட்டினோம். அரை மீட்டர் நீளம், 20 மைக்ரான் கம்பிகள். காலையில் மின்கசிவு ஐந்து நானோஆம்பியருக்குள் அடங்கியிருக்கும். மாலை நான்கு மணிக்கு மேல் ஏறத் தொடங்கி இருபது மடங்காகும். இரவில் திரும்ப இறங்கும். மூன்று மாதம் தேடினோம். வாயுக் குழாய்களை மாற்றினோம். மின்வழங்கியை மாற்றினோம். இருட்டறையில் உட்கார்ந்து, பற்றவைப்பின் கூர்முனையில் ஊதா ஒளி தெரிகிறதா என்று கண் வலிக்கப் பார்த்தோம். கடைசியில் அறையைப் பிரித்து, நன்றாக இருந்த இரண்டு கம்பிகளை நானே அறுத்துவிட்டேன். அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஆய்வக உதவியாளர் ஒருவர் மீனவர் குடும்பத்துப் பிள்ளை. "கொண்டல் அடிச்சா பூட்டுக்குள்ளகூட ஈரம் ஏறிரும் சார். பெட்டிக்கு உள்ளயே பாக்குறீங்களே, வெளிய பாத்தீங்களா?" என்றார். பார்த்தோம். உயர் மின்னழுத்தம் நுழையும் இணைப்பியின் வெளிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம். கொண்டல் என்னும் கிழக்குக் கடற்காற்றின் ஈரத்தில் அது கடத்தியாகியிருந்தது. வாலைவடிநீரால் கழுவி, ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, சிலிக்கா ஜெல் வைத்த சிறு உறைக்குள் இணைப்பியை அடைத்தோம். அன்று மாலை கசிவு ஏறவில்லை.

காற்று புகுவதை அடைக்கக் கடையில் கிடைக்கும் சிலிக்கோன் பசையை மட்டும் தயவுசெய்து பூசாதீர்கள். அதன் ஆவி உள்ளே போய், மின்பெருக்கம் நடக்கும் இடத்தில் கம்பியின் மேல் படிந்து, சில மாதங்களில் அறையைக் கெடுத்துவிடும். விரல் ரேகையும் அப்படித்தான். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். அழுத்தத்தையும் மறக்க வேண்டாம். ஐப்பசியில் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் வந்து காற்றழுத்தம் ஒரு சதவீதம் இறங்கினால், வாயு ஓடும் அறையில் பெருக்கம் பல சதவீதம் கூடும். அழுத்தமானியின் அளவு பக்கத்தில் எழுதப்படாத தரவு எனக்குத் தேவையில்லை.

இங்கே வலை கட்டுகிறவர்கள் கயிற்றைச் சுண்டிப் பார்த்தே விறைப்பைச் சொல்லிவிடுவார்கள். நாமும் அதையே செய்கிறோம். அரை மீட்டர் நீளமுள்ள 20 மைக்ரான் டங்ஸ்டன் கம்பியில் 50 கிராம் எடையைத் தொங்கவிட்டுக் கட்டினால், அது நொடிக்கு ஏறத்தாழ 280 முறை அதிரும். மின்னோட்டமும் காந்தமும் கொண்டு அதிரவைத்து ஒத்ததிர்வைக் கண்டுபிடிக்கலாம். அதிர்வெண் குறைந்த கம்பி தளர்ந்த கம்பி. மின்னழுத்தம் ஏற்றினால் இடம்பெயர்ந்து பக்கத்துக் கம்பியின் வேலையையும் கெடுக்கும். நூறு கம்பிகள் உள்ள ஓர் அறையை இப்படிச் சோதிக்க ஒரு நாள் ஆகும். அந்த ஒரு நாளைச் செலவிடாதவர்கள் பிறகு ஒரு மாதத்தைச் செலவிடுகிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டு இந்தக் கரையில் அறை கட்டுவதற்குக் காரணமும் உண்டு. புவிகாந்த நடுக்கோடு தென்தமிழகத்தை ஒட்டிச் செல்கிறது. ஏறத்தாழ 17 ஜிகாவோல்ட்டுக்குக் குறைந்த காந்த விறைப்புள்ள (உந்தத்தை மின்னூட்டத்தால் வகுத்த அளவு) அண்டக்கதிர்களை இங்கே பூமியின் காந்தமே செங்குத்தாக வரவிடாது திருப்பிவிடும். உலகில் வேறு பல ஆய்வகங்களுக்கு இல்லாத வாய்ப்பு இது. இந்த விளைவை அளக்கக் கரையோரக் கல்லூரிகளில் சிறு அறைகள் இருந்தால் போதும்.

ஆகவே இந்தக் கருத்தரங்கின் இரண்டு நாளில் ஒரு வேலை செய்வோம். ஒவ்வொரு குழுவும் தான் பட்ட பழுதுகளைச் சொல்லட்டும். வெற்றிகளைப் பிறகு பேசலாம். வாயிலில் ஒரு தடித்த நோட்டு வைத்திருக்கிறோம். பழுது, அறிகுறி, தேடிய இடங்கள், கிடைத்த இடம், ஆன நாட்கள் என எல்லாவற்றையும் தமிழில் அதில் எழுதுங்கள்.

மேடைக்கு இடப்புறம் இருக்கும் கம்பி அறையில் காலை ஆறு மணி முதல் ஆர்கானும் கரியமில வாயுவும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நான் பேச வரும்முன் பார்த்தபோது கசிவு நான்கு நானோஆம்பியர். இணைப்பியை வேண்டுமென்றே உறையில்லாமல் விட்டிருக்கிறோம். மாலை நான்கு மணிக்கு, கொண்டல் எழும்போது, எல்லோரும் அங்கே கூடுவோம். இப்போது முதல் அமர்வைத் தொடங்கலாம்.